பச்சை தின்ற பாலும் வைக்கோல் தின்ற பாலும்

போன சித்திரை மாதம். தாராபுரத்தில் நான் பால் ஊற்றும் வீடுகளில் ஒன்றில், எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் சொம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏனுங் தம்பி, மார்கழியில குடுத்த பால்ல வெண்ணெய் எடுத்தா மஞ்சளா வந்துச்சு. இப்ப சுண்ணாம்பாட்டம் இருக்குது. பவுடர் கிவுடர் ஏதாச்சும் கலக்கறீங்களா?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. அதே மாடு, அதே கறவை, கறந்த ஒரு மணி நேரத்தில் அவர் வாசலுக்கு வந்த பால். ஒன்றும் கலக்கவில்லைங்கம்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் உறைத்தது: அவர் பார்த்தது சரி. பால் மாறித்தான் போயிருந்தது. "மேய்ச்சல் பால்" என்று சொல்லி லிட்டருக்கு இருபது ரூபாய் கூடுதலாக வாங்குகிறேன். ஆனால் அந்த மாதம் என் மாடுகள் தின்றது வைக்கோல், சோளத்தட்டு, பருத்திக்கொட்டை. பகலில் கொறங்காட்டில் நாலு மணி நேரம் உலாத்தியது உண்மை. ஆனால் அங்கே பச்சை ஏது?

கொறங்காடு என்றால் தெரியாத வெளி மாவட்ட நண்பர்களுக்காக: கொங்குப் பகுதியில் காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் மானாவாரி நிலத்தை உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்டு வைப்போம். சுற்றிலும் கிளுவை முள் உயிர்வேலி, நடுவில் அங்கங்கே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடு வளர்ந்ததே இந்தக் காட்டில்தான். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் புல் எழும்பி, தை வரை பச்சை நிற்கும். பங்குனி பிறந்தால் காய்ந்து பொன்னிறமாகிவிடும். காய்ந்தாலும் மாடு தின்னும், உடம்பு கெடாது. ஆனால் பாலில் அது வேறு கதை.

நான் முப்பது வருஷத்துக்கும் மேல் வங்கியில் இருந்தவன். கறவை மாட்டுக் கடன் எத்தனையோ கொடுத்திருக்கிறேன். விண்ணப்பத்தில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர், எத்தனை மாதம் கறவை, லிட்டர் என்ன விலை என்று எல்லாம் கேட்போம். தீவனப் பயிர் எத்தனை சென்ட் என்று ஒரு கட்டமும் இருக்கும். அதைச் சடங்குக்கு நிரப்புவோம். மாடு என்ன தின்கிறது என்பது லிட்டரை மட்டும்தான் மாற்றும் என்று நினைத்திருந்தேன். அந்த அம்மாவின் கேள்விக்கு அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன், கால்நடை மருத்துவர்களிடம் கேட்டேன், என் மாடுகளையே கவனித்தேன். அதில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நிறம். பச்சைப் புல்லில் பீட்டா கரோட்டின் நிறைய இருக்கிறது. கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் அதே பொருள். பசு தின்னும் கரோட்டினில் ஒரு பகுதியை வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்கிறது, மீதியை அப்படியே பால் கொழுப்பில் சேர்த்துவிடுகிறது. அதனால்தான் வெண்ணெயும் நெய்யும் மஞ்சள். எருமை கிட்டத்தட்ட எல்லாக் கரோட்டினையும் வைட்டமின் ஏ-வாக மாற்றிவிடும், ஆகவே எருமை வெண்ணெய் வெள்ளை. வெள்ளையாக இருக்கிறதே என்று எருமைப் பாலைக் குறைத்து எடைபோட முடியாது.

அறுத்து வெயிலில் காயப்போட்ட புல்லில் கரோட்டினில் பெரும்பகுதி போய்விடும். நெல் வைக்கோலில் அது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். மாடு தன் உடம்புக் கொழுப்பில் கொஞ்சம் சேமித்து வைத்திருக்கும், அதனால் பச்சை நின்றவுடன் மறுநாளே பால் வெளுக்காது. மெல்ல மெல்ல இறங்கும். சித்திரையில் சுண்ணாம்பாகிவிடும். ஆக அந்த அம்மா சொம்பில் பார்த்தது என் தீவனக் கணக்கைத்தான்!

ஆனால் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதவும் கூடாது. ஜெர்சி இரத்தம் உள்ள மாட்டில் இயல்பாகவே கொழுப்பு மஞ்சள் தூக்கலாக இருக்கும். ஒரே மாட்டின் பாலை மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டால் நிறம் உண்மை பேசும். ஒரு வீட்டுப் பாலை இன்னொரு வீட்டுப் பாலோடு ஒப்பிட்டால் பேசாது.

அடுத்தது கொழுப்பு. கொழுப்பின் அளவை அப்புறம் பார்ப்போம், முதலில் அதன் குணம். புல்லில் கொழுப்பா என்று கேட்கத் தோன்றும். காய்ந்த எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். ஆனால் இளம் பச்சை இலையில் உள்ள கொழுப்பில் பாதிக்கு மேல் ஒமேகா-3 வகை. பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் போன்றவற்றில் உள்ளது பெரும்பாலும் ஒமேகா-6 வகை. நம் உடம்புக்கு இரண்டும் வேண்டும். இன்றைய சமையல் எண்ணெய்ப் பழக்கத்தில் ஒமேகா-6 வேண்டிய அளவுக்கு மேலேயே வந்துவிடுகிறது, மற்றதுதான் குறைவு.

தின்ற கொழுப்பு நேரே மடிக்குப் போய்விடுவதில்லை. மாட்டின் முதல் வயிறு ஒரு பெரிய நொதிக்கலன். நாம் ஜீவாமிர்தம் போடும் பீப்பாய் மாதிரி என்று சொன்னால் நம் வாசகர்களுக்கு உடனே புரியும். அதில் உள்ள கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இந்த ஒமேகா கொழுப்பில் பெரும்பகுதியைக் கெட்டிக் கொழுப்பாக மாற்றிவிடுகின்றன. தப்பிப் போவது கொஞ்சம்தான். மாற்றம் பாதியில் இருக்கும்போதே வெளியேறும் கொழுப்பும் ஒன்று உண்டு. அது இரத்தத்தில் கலந்து மடிக்குப் போக, மடியில் உள்ள ஒரு நொதி அதை சி.எல்.ஏ. என்ற கொழுப்பாக ஆக்குகிறது. மாடு, ஆடு போன்ற அசைபோடும் பிராணிகளின் பாலிலும் இறைச்சியிலும்தான் இது இயற்கையாகக் குறிப்பிடும்படி கிடைக்கிறது. பச்சை அதிகம் தின்றால் இந்தப் பாதி வழிக் கொழுப்பு அதிகம் வரும். அடர்தீவனம் அதிகமானால் வயிற்றில் புளிப்பு ஏறி, நுண்ணுயிர்களின் போக்கே மாறிவிடும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இதைச் சோதித்து 1999-ல் முடிவு வெளியிட்டார்கள். சில மாடுகளுக்கு உணவில் மூன்றில் ஒரு பங்கு மேய்ச்சல், சிலவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு, சிலவற்றுக்கு முழுவதும் மேய்ச்சல். ஒரு கிராம் பால் கொழுப்பில் சி.எல்.ஏ. முறையே 8.9, 14.3, 22.1 மில்லிகிராம். இதில் நான் கவனித்தது, அது படிப்படியாக ஏறுவதைத்தான். மேய்ச்சல் என்பது 'உண்டு, இல்லை' என்ற விஷயமே இல்லை. வயிற்றில் எத்தனை பங்கு பச்சை என்பதுதான் கணக்கு. அதே நாட்டில் 2018-ல் வெளியான இன்னொரு ஆய்வு, மூன்று வருஷம் சேகரித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேய்ச்சல் பால் மாதிரிகளைப் பார்த்தது. வழக்கமான பண்ணைப் பாலில் ஒமேகா-3 ஒரு பங்கு என்றால் ஒமேகா-6 ஆறு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. முழு மேய்ச்சல் பாலில் இரண்டும் ஏறக்குறைய சமம்.

அந்த ஊர் மாடு வேறு, நம் மாடு வேறு. அந்த எண்களை அப்படியே எடுத்து நம் பால் கேனில் ஒட்டக்கூடாது. வயிற்றுக்குள் நடக்கும் வேலை ஒன்றுதான் என்பதால் போகும் திசை ஒன்றாகத்தான் இருக்கும், அவ்வளவே சொல்லலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த முழு மேய்ச்சல் பாலிலேயே 100 கிராமுக்கு ஒமேகா-3 சுமார் 0.05 கிராம்தான். வழக்கமான பாலில் 0.02. இரண்டரை மடங்கு என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். ஒரு ஸ்பூன் ஆளி விதையில் இதைவிடப் பல மடங்கு இருக்கிறது. சி.எல்.ஏ. பற்றிய நல்ல செய்திகளில் பெரும்பாலானவை எலிகளிடம் பார்த்தவை, மனிதர்களிடம் இன்னும் உறுதியாகவில்லை. ஆகவே "எங்கள் பால் குடித்தால் புற்றுநோய் வராது, சர்க்கரை இறங்கும்" என்று நோட்டீஸ் அடிக்கும் நண்பர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நம் பால் நல்ல பால். மருந்து இல்லை. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் புல் தின்றாலும் வைக்கோல் தின்றாலும் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது கொழுப்பின் குணம், கரோட்டின், வைட்டமின் ஈ, அப்புறம் ருசி.

இப்போது நம் பையைத் தொடும் விஷயம். சொசைட்டியில் மிஷின் பார்ப்பது கொழுப்பு எத்தனை சதவீதம், எஸ்.என்.எஃப். எத்தனை என்பதைத்தான். மேலே சொன்ன ஒன்றும் அந்த மிஷினுக்குத் தெரியாது. அதுமட்டுமா? நல்ல பச்சை மேய்ச்சல் வந்த முதல் வாரங்களில் ரீடிங் இறங்கும்! ஐப்பசி மழைக்கு அப்புறம் என் கலப்பின மாட்டுக்கு 4.1 இருந்த ஃபேட் பத்து நாளில் 3.4 ஆனது. மாட்டுக்கு ஏதோ நோவு என்று நினைத்து டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் சாணியைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார், சிரித்தார்.

காரணம் இதுதான். பால் கொழுப்பில் பாதிக்கு மூலப்பொருள், நார்த் தீவனம் வயிற்றில் நொதிக்கும்போது வரும் அசிட்டிக் அமிலம். இளம் புல்லில் தண்ணீர் அதிகம், நார் குறைவு. மாடு வேகமாக விழுங்கிவிடும், அசைபோடுவது குறையும். நார் குறைந்தால் அசிட்டிக் அமிலம் குறையும், ஃபேட்டும் இறங்கும். சாணி இளகிப் போவதும் அதனால்தான். அடர்தீவனத்தை அள்ளிக் கொட்டி நாரைக் குறைத்தாலும் இதே கதைதான் நடக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஃபேட் இறங்கியது என்று இன்னும் ஒரு கிலோ தீவனம் கூட்டினால் இன்னும் இறங்கும்.

டாக்டர் சொன்ன வைத்தியத்துக்குச் செலவே இல்லை. காலையில் காட்டுக்குள் விடுவதற்கு முன் இரண்டு மூன்று கிலோ சோளத்தட்டு. வைக்கோலோ ராகித்தட்டோ இருந்தாலும் சரி. வெறும் வயிற்றோடு இளம் புல்லில் விடக்கூடாது. முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் தினமும் கொஞ்சம் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முழு மேய்ச்சல். வயிற்று நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழக அந்த அவகாசம் வேண்டும். ஃபேட் 3.9-க்குத் திரும்பி வந்தது. பயறுவகைக் கொடி அதிகமான இடத்தில் திடீரென்று விட்டால் வயிறு உப்புசம் கண்டு மாடே போய்விடும், அங்கே இன்னும் கவனம் வேண்டும். வறட்சியில் வாடி நின்று மழைக்குத் துளிர்த்த இளஞ்சோளத்தில் மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் விடாதீர்கள். அதில் விஷம் ஏறியிருக்கும்.

ருசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடு தின்னும் சில செடிகளின் வாசம் மூச்சு வழியாகவும் வயிற்றின் வாயு வழியாகவும் இரத்தத்தில் ஏறிப் பாலுக்கு வந்துவிடும். பார்த்தீனியம் தின்ற மாட்டின் பால் கசக்கும். ஒரு தடவை ஐந்து வீட்டிலிருந்து பால் திரும்பி வந்ததில் நான் கற்றுக்கொண்ட பாடம் அது. களையைப் பூக்கும் முன் பிடுங்குவது ஒன்று, கறவைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே மாட்டைக் கட்டுத்தரைக்குத் திருப்பிவிடுவது மற்றொன்று. இரண்டாவதைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். நல்ல புல் தின்ற பாலின் வெண்ணெய் கொஞ்சம் இளகலாக இருக்கும். அது குறை இல்லை, இளகிய வகைக் கொழுப்பு கூடியதன் அடையாளம்.

மேய்ச்சலுக்கு ஆதரவாக என்னிடம் உள்ள பெரிய வாதம் ஒமேகாவோ சி.எல்.ஏ.வோ இல்லை. பூஞ்சை நஞ்சுதான். கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை இவற்றில் ஈரம் பட்டால் ஒருவகைப் பூஞ்சை பிடித்து அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. மாடு அதைத் தின்றால் ஒன்றிரண்டு நாளுக்குள் அதன் ஒரு பகுதி, எம்1 என்ற வடிவில் பாலுக்கு வந்துவிடும். காய்ச்சினால் போகாது. கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு இது, அதிகம் பால் குடிப்பவர்கள் குழந்தைகள். நம் நாட்டில் அனுமதித்த அளவு ஒரு கிலோ பாலுக்கு 0.5 மைக்ரோகிராம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் எடுத்த பால் ஆய்வின் முடிவை 2019-ல் வெளியிட்டது. 6,432 மாதிரிகளில் 368-ல் இந்த நஞ்சு அளவுக்கு மேல். தமிழ்நாட்டில் எடுத்த 551-ல் 88. எண்ணிக்கையில் நாம்தான் முதலிடம். கலப்படத்தைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம், இதைப் பற்றி டீக்கடையில் ஒருவரும் பேசிக் கேட்டதில்லை.

நிற்கும் பச்சைப் புல்லில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. மேய்ச்சல் கூடினால் புண்ணாக்கு குறையும், நஞ்சு வரும் வழியும் குறுகும். ஆனால் மேய்ச்சல் பால் விற்பவரும் சாயங்காலம் இரண்டு கிலோ புண்ணாக்கு வைக்கிறார்தானே? அந்த மூட்டை தரையில் சுவரை ஒட்டிக் கிடந்தால் எந்தக் கொறங்காடும் காப்பாற்றாது. நான் இப்போது பலகை அடித்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி மூட்டையை அடுக்குகிறேன். மழைக்காலத்தில் பத்து நாளுக்கு மேல் இருப்பு வைப்பதில்லை. கட்டி தட்டியது, பச்சை பூத்தது, மக்கிய வாடை அடித்தது எல்லாம் எருக்குழிக்குத்தான். மாட்டுக்குக் கொடுக்க மாட்டேன். கோழிக்கும் கூடாது, அதற்கு இன்னும் ஆகாது.

ஏ2 பால் என்ற பேச்சை இதோடு போட்டுக் குழப்புகிறவர்கள் உண்டு. ஏ2 என்பது பால் புரதத்தின் ஒரு வகை. அது மாட்டின் பிறப்பில் வருவது, தீவனத்தில் வருவதில்லை. காங்கேயம் பசுவைக் கட்டிப்போட்டு வைக்கோலும் தீவனமும் மட்டும் கொடுத்தாலும் ஏ2 மாறாது. ஆனால் கரோட்டின் இருக்காது. கலப்பின மாட்டை நல்ல பச்சையில் மேய்த்தால் இலைக் கொழுப்பின் நன்மை அதன் பாலிலும் வரும். என்னிடம் காங்கேயம் இரண்டு, ஜெர்சி கலப்பு இரண்டு இருக்கின்றன. காங்கேயம் இரண்டு மூன்று லிட்டர் கொடுத்தாலே பெரிது, ஆனால் காய்ந்த காட்டில் அவள் தன் வயிற்றை நிரப்பிக்கொள்ளும் சாமர்த்தியம் மற்றதுக்கு வராது.

இனி, பச்சை எத்தனை வேண்டும் என்ற கணக்கு. 350 கிலோ எடையுள்ள கறவை மாடு ஒரு நாளைக்கு சுமார் பத்து கிலோ உலர் எடைக்குத் தின்னும். பசும்புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். அதாவது ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ உலர் எடை. முழுக்கப் பச்சை என்றால் ஐம்பது கிலோ! கார்த்திகையில் ஏழெட்டு மணி நேரம் கொறங்காட்டில் மேய்ந்தால் இதில் பெரும்பகுதி ஏறிவிடும். சித்திரையில் எட்டு மணி நேரம் விட்டாலும் நடைப்பயிற்சியும் வெயிலும்தான் மிச்சம், கூடவே கீழே உதிர்ந்த வேலங்காய். அதில் புரதம் உண்டு, கரோட்டின் வராது.

மேய்ச்சல் நிலம் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். பாலை மாற்றுவது நடை இல்லை, பச்சைதான். அன்று அறுத்து அன்றே போட்ட தீவனப்புல்லும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும், இளசாக அறுத்தால். ஆள் உயரம் வளர்ந்து தண்டு முற்றிய கம்பு நேப்பியர் பார்க்கப் பச்சையாக இருந்தாலும் இலைப்பங்கு குறைந்துவிடும். ஒமேகாவும் கரோட்டினும் இருப்பது இலையில். பச்சையைப் பதப்படுத்திய சைலேஜில் கரோட்டின் ஓரளவு நிற்கும், வெயிலில் காயப்போட்டதைவிட நல்லது.

அந்த அம்மாவின் கேள்விக்கு அப்புறம் நான் செய்தது இவ்வளவுதான். கிணற்றடியில் பதினைந்து சென்ட் வேலிமசால் போட்டேன். வேலியோரம் அகத்தியும் சவுண்டலும் வைத்தேன். சவுண்டலில் ஒரு நச்சுப்பொருள் உண்டு, மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவிடுவதில்லை. இந்த வருஷக் கோடையில் மாட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து கிலோ பச்சை ஒப்பேற்ற முடிந்தது. மேலே உள்ள கணக்குப்படி அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வெண்ணெய் வெளிர் மஞ்சளுக்கு மேல் போகவில்லை.

அதனால் விலையையும் மாற்றினேன். ஐப்பசி முதல் மாசி வரை இருபது ரூபாய் கூடுதல், பங்குனி முதல் புரட்டாசி வரை பத்து. ஒவ்வொரு மாதமும் மாடு என்ன தின்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பால் கணக்கு நோட்டில் ஒட்டிவிடுகிறேன். வங்கிக்காரன் புத்தி, எழுதி வைக்காமல் தூக்கம் வராது. இருபத்திரண்டு வீட்டில் மூன்று வீடு, கோடையில் மேய்ச்சல் இல்லை என்றால் நமக்கு எதற்கு என்று நின்றுவிட்டார்கள். வருத்தம்தான், ஆனால் தப்புச் சொல்ல முடியாது. அந்த அம்மா நிற்கவில்லை. சீட்டைப் படித்துவிட்டு, "பருத்திக்கொட்டையக் கொறைச்சுட்டு எள்ளுப் புண்ணாக்கு வெச்சுப் பாருங்க தம்பி, எங்க ஐயன் அப்படித்தான் வெப்பாரு" என்றார். வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் இங்கே முதல் மழை. கொழுக்கட்டைப் புல் விரல் உயரம் எழும்பியிருக்கிறது. நேற்று ரீடிங் 3.6. காலையில் சோளத்தட்டு ஒரு கட்டு கூடுதலாக இறக்கி வைத்திருக்கிறேன்.